மருத்துவக் கனவும் தவறான ஆலோசனையும்

மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் தவறான ஆலோசனையில் முழுப்பொய் குறைவு. பத்தாண்டுக்கு முன் சரியாக இருந்த தகவல், வேறொரு பிள்ளைக்குப் பொருந்திய வழி, கட்டணத்தைச் சொல்லி அங்கீகாரத்தைச் சொல்லாமல் விட்ட விளம்பரம் என அரைகுறைச் செய்திகளே அதிகம். மலாக்கா மாநிலத்தின் புக்கிட் காத்தில் போன்ற வட்டாரங்களில் இவை வந்து சேரும் வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவை: பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர், டியூஷன் ஆசிரியர், கல்யாண வீட்டில் சந்திக்கும் உறவினர், கல்விக் கண்காட்சியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் முகவர், இப்போது வாட்ஸ்அப். ஆலோசனை சொன்னவருக்கு இழப்பு ஏதும் இல்லை. அதை நம்பிய குடும்பத்துக்கு ஐந்தாண்டு உழைப்பும் மூன்று லட்சம் வெள்ளியும் போய்விடக்கூடும்.

புக்கிட் காத்தில் மலாக்கா தெங்கா மாவட்டத்தில், ஆயர் குரோ, புக்கிட் பாரு ஆகியவற்றின் பக்கத்தில் இருக்கிறது. மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் உருவான கல்லூரி புக்கிட் பாருவில் இருக்கிறது. 1997-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் மாணவர்கள் தொடக்கத்தில் முதல் பாதிப் படிப்பைக் கர்நாடகத்தின் மணிப்பாலிலும், மறுபாதியை மலாக்கா, மூவார் மருத்துவமனைகளிலும் முடித்தார்கள். வெள்ளை அங்கி போட்ட மாணவர்கள் கண்முன்னே நடமாடும் ஊர் இது. ஆனாலும் அந்த அங்கியை எட்டும் வழி பற்றிய தெளிவு இங்கே பல வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

அதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை தான் சே யான் 1896-ல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார். அடுத்துப் பெரிய அளவில் எழுந்தது புக்கிட் அசஹான். இப்படிப்பட்ட தோட்டங்களில் பால் மரம் வெட்டிய குடும்பங்களுக்கு மருத்துவம் என்றால் டிரெசர்தான். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும், காயத்துக்குக் கட்டுப் போடுவதும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அவர் கையில் இருந்தன. இந்தத் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-ல் தனிச் சட்டம் வந்தது. டாக்டர் எப்போதாவது வந்துபோகும் பெரிய மனிதர். சிங்கப்பூரில் 1905-ல் மருத்துவப் பள்ளி தொடங்கியபோதும், கோலாலம்பூரில் 1960-களின் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு பேராசிரியர் டி.ஜே. தனராஜின் தலைமையில் உருவானபோதும், அவற்றுக்குள் நுழைந்த தமிழர்களில் நகரத்து ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர்களே முந்தியிருந்தார்கள். லயத்து வீட்டிலிருந்து தாமான் வீட்டுக்கு வந்த தலைமுறையின் பிள்ளைகள் இப்போதுதான் அந்தக் கதவைத் தட்டுகிறார்கள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள முன்னே போனவர் யாருமில்லை. அதனால் வெளியாள் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு அவர்கள் வீட்டில் அளவுக்கு மீறிய மதிப்பு வந்துவிடுகிறது.

நான்காம் படிவத்தில் நடப்பது

முதல் பிழை பதினாறு வயதில் நிகழ்கிறது. 2020 முதல் மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினை இல்லை. மாணவர் பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கிறார். இந்தச் சுதந்திரம் நல்லதுதான். ஆனால் எதை விட்டால் எந்தக் கதவு மூடும் என்பதையும் அப்போதே யாராவது சொல்ல வேண்டும். "உயிரியல் கஷ்டம், ‘ஏ’ குறையும், கணினி அறிவியல் எடு, மருத்துவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் ஆலோசனை. விளைவு கடுமையானது. மலேசிய மருத்துவ மன்றம் வகுத்துள்ள குறைந்தபட்ச நுழைவுத் தகுதியின்படி, ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகம், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இன்னொரு பாடம் ஆகிய ஐந்திலும் ‘பி’ அல்லது அதற்கு மேல் வேண்டும். உயிரியல் எடுக்காத பிள்ளை பதினாறு வயதிலேயே வழியிலிருந்து விலகிவிடுகிறது. அது தெரிய வருவது பதினெட்டு வயதில்.

இதே விதியில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. எஸ்.பி.எம். தரவரிசையில் ‘சி பிளஸ்’, ‘சி’ இரண்டும்கூடக் கிரெடிட் எனப்படும் நல்ல தேர்ச்சியைச் சேர்ந்தவைதான். "எல்லாப் பாடத்திலும் கிரெடிட் இருக்கிறது, மருத்துவம் போகலாம்" என்று சொல்கிற முகவர் இந்த வேறுபாட்டைத் தாண்டிப் போகிறார். பௌதிகத்தில் ‘சி பிளஸ்’ வாங்கிய பிள்ளைக்குக் கிரெடிட் உண்டு. மன்றம் கேட்கும் ‘பி’ இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம், ஐந்தாறு ஆண்டு படிக்க வைத்துப் பட்டமும் கொடுக்கலாம். நாடு திரும்பிப் பதிவுக்குப் போகும்போது மன்றம் அந்தப் பழைய எஸ்.பி.எம். தாளைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கும்.

தமிழ்மொழிப் பாடத்தை விடச் சொல்வதும் இந்த வயதில்தான். "தமிழும் தமிழ் இலக்கியமும் எடுத்தால் ‘ஏ’ எண்ணிக்கை கெடும், டாக்டராக வேண்டுமென்றால் விட்டுவிடு" என்று தமிழ் ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியிலேயே சொல்லப்படுகிறது. எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாக அரசு வரையறுத்தபோது, 2009-ல் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகுதான் கூடுதலாக இரண்டு பாடம் எடுக்க வழி பிறந்தது. சமூகம் போராடிப் பெற்ற இடம் அது. அதை மருத்துவத்தின் பெயரால் விட்டுக்கொடுக்கச் சொல்பவர், மருத்துவ மன்றம் கேட்கும் ஐந்தாவது பாடம் எதுவாகவும் இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார். நேரப் பளு உண்மையான காரணம். அதைப் பிள்ளையின் திறமையைப் பார்த்து முடிவு செய்யலாம். மருத்துவத்துக்குத் தமிழ் தடை என்பது மட்டும் உண்மை இல்லை.

புறப்பாட நடவடிக்கையை ஒதுக்கச் சொல்லும் ஆலோசனையால் வரும் சேதம் இன்னும் பெரியது. அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தகுதிப் புள்ளி கணக்கிடப்படும்போது 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கும் போகிறது. மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பவர்களில் தேர்வில் முழுப் புள்ளி வாங்கியவர்கள் நூற்றுக்கணக்கில் நிற்பார்கள். அங்கே ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிப்பது அந்தப் பத்துதான். "படிப்பை மட்டும் பார், விளையாட்டெல்லாம் வேண்டாம்" என்று மூன்று ஆண்டு கேட்டு வளர்ந்த பிள்ளை 4.00 வாங்கியும் இடம் கிடைக்காமல் நிற்கும்போது, குடும்பம் முழுப் பழியையும் இன அடிப்படையிலான கோட்டாவின் மேல் போடுகிறது. கோட்டா உண்மை. இழந்த புறப்பாடப் புள்ளியும் உண்மை. பள்ளியில் இருக்கும் செஞ்சிலுவைக்கு இணையான செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற சீருடை இயக்கங்களில் பொறுப்பு வகித்த பிள்ளைக்குப் புள்ளியும் கிடைக்கிறது. நேர்காணலில் தன் வாயால் சொல்ல ஓர் அனுபவமும் கிடைக்கிறது.

எஸ்.பி.எம்.முக்குப் பிறகு பிரியும் மூன்று பாதைகள்

எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் குடும்பங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மெட்ரிகுலேஷனா, ஆறாம் படிவமா, தனியார் கல்லூரி பவுண்டேஷனா? மூன்றும் மருத்துவத்துக்கு இட்டுச் செல்லும். மூன்றும் ஒரே இடத்துக்கு இட்டுச் செல்வதில்லை. தவறான ஆலோசனையில் மிக விலை உயர்ந்தது இந்த வேறுபாட்டை மறைப்பதுதான்.

மெட்ரிகுலேஷன் கல்வி அமைச்சின் ஓராண்டுப் படிப்பு; இரண்டாண்டுத் திட்டமும் உண்டு. மலாக்காவின் மெட்ரிகுலேஷன் கல்லூரி மஸ்ஜிட் தானா வட்டாரத்தின் லோண்டாங்கில் இருக்கிறது. இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கும் 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் என்ற பகிர்வு நெடுநாள் மனக்குறை. 2012-ல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் அறிவிக்கப்பட்டன. 2019-ல் மொத்த இடங்கள் 25,000-லிருந்து 40,000-ஆக உயர்ந்தன. பகிர்வு விகிதம் மாறவில்லை. 2024 ஜூன் இறுதியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்.பி.எம்.மில் 10 ‘ஏ’ அல்லது அதற்கு மேல் பெற்ற எல்லா மாணவருக்கும் இன வேறுபாடின்றி இடம் உண்டு என்றார். ‘ஏ மைனஸ்’ அந்தப் பத்தில் சேருமா என்பது அடுத்த ஆண்டே சர்ச்சையானது. ஆண்டுக்கு ஆண்டு இப்படி மாறும் ஒரு விதியைப் பற்றி, "என் அண்ணன் மகளுக்குக் கிடைத்தது, உனக்கும் கிடைக்கும்" என்று 2018-ஐ வைத்து 2026-க்குச் சொல்லும் ஆலோசனை எவ்வளவு அன்போடு வந்தாலும் பயன்படாது.

மெட்ரிகுலேஷன் கிடைத்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. அறிவியல் பிரிவுக்குள்ளேயே பாடத் தொகுதிகள் வேறுபடும். பௌதிகம், இரசாயனவியல், உயிரியல் மூன்றும் உள்ள தொகுதியில் சேர்ந்தவருக்கு மருத்துவ வழி திறந்திருக்கும். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் உள்ள தொகுதியில் சேர்ந்தவருக்கு மூடிவிடும். "மெட்ரிக் கிடைத்தால் போதும், எந்தத் தொகுதியானாலும் பரவாயில்லை" என்று சொல்லக் கூடாது.

ஆறாம் படிவத்தைப் பற்றிய தவறான கருத்துதான் இந்தச் சமூகத்துக்கு அதிக நஷ்டம் தந்திருக்கிறது. அதன் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். கடினம், உலகத்திலேயே கடினமான தேர்வுகளில் ஒன்று, அதில் போனால் பிள்ளை சிதைந்துவிடும் என்ற பேச்சு பெற்றோரை மிரட்டுகிறது. பேச்சில் உள்ள உண்மை, தேர்வு கடினம் என்பது. 2012 முதல் அது மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டு, முதல் இரண்டு பருவத் தாள்களை மீண்டும் எழுதவும் வாய்ப்புடன் நடக்கிறது என்பதைச் சொல்பவர் குறைவு. ஒன்றரை ஆண்டுப் படிப்பு, பள்ளிக் கட்டணம் மிகக் குறைவு, வீட்டிலிருந்தே போய் வரலாம், அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முழு உரிமையோடு நிற்கலாம். ஏழைக் குடும்பத்தின் பிள்ளைக்கு மருத்துவத்துக்கு இதைவிட மலிவான, நேரான பாதை இந்நாட்டில் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் வேண்டும்: அறிவியல் மாணவர்கள் பொதுப் பாடத்தோடு வழக்கமாக மூன்று பாடம் எடுப்பார்கள். பொறியியலை மனதில் வைத்துப் பௌதிகம் எடுத்து உயிரியலை விட்டவர் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. உயிரியல், இரசாயனவியல், அவற்றோடு பௌதிகம் அல்லது கணிதம் என்பதே மருத்துவ மன்றம் கேட்பது.

தனியார் கல்லூரி பவுண்டேஷன் ஓராண்டு. தேர்வு எளிது, வகுப்பறை குளிர்சாதனம், சேர்ந்த அன்றே தள்ளுபடி. முகவர் சொல்லாமல் விடுவது இது: தனியார் பவுண்டேஷன் முடித்தவர் பொதுவாக அந்தக் கல்லூரியிலோ அதை ஏற்கும் வேறு தனியார் நிலையத்திலோதான் மருத்துவம் தொடர முடியும். அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் மாணவரோடு அவர் வரிசையில் நிற்க முடியாது. இருபதாயிரம் வெள்ளி செலவழித்து, மானியத்தோடு படிக்கும் வாய்ப்பைத் தாமே அடைத்துக்கொள்கிறார்கள். இந்த ஒரு தகவல் எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் இருந்திருந்தால் எத்தனையோ வீடுகள் கடனில் விழாமல் தப்பியிருக்கும்.

விண்ணப்பப் பாரத்தின் கணக்கு

நாட்டில் மருத்துவம் கற்பிக்கும் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் 11. தமிழ் மாணவருக்கு அவை எல்லாம் திறந்திருப்பதில்லை. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பூமிபுத்ராக்களுக்கானது. இஸ்லாமியக் கல்வியை அடிப்படையாகக் கொண்டவையும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், அறிவியல் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம், சரவாக்கிலும் சபாவிலும் உள்ள இரண்டு என நடைமுறையில் தேர்வு சுருங்குகிறது. விண்ணப்பத்தின் விருப்பப் பட்டியல் முழுவதையும் மருத்துவத்தால் நிரப்பு என்று சொல்லும் ஆலோசகர், இடம் கிடைக்காவிட்டால் கணினி தனக்குத் தோன்றிய ஒரு துறையைப் பிள்ளைக்குத் தரக்கூடும் என்பதைச் சொல்வதில்லை. பல் மருத்துவம், மருந்தியல், பிசியோதெரபி, தாதிமை போன்றவற்றில் பிள்ளை மனமுவந்து படிக்கக்கூடியதைப் பட்டியலில் வைப்பது தோல்வியை ஒப்புக்கொள்வது ஆகாது.

"முதலில் பயோமெடிக்கல் எடு, இரண்டாம் ஆண்டில் மருத்துவத்துக்கு மாறிக்கொள்ளலாம்" என்பதும் அடிக்கடி கேட்கும் வாக்கியம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் அப்படி மாறும் வழியை நம்பி ஒரு பிள்ளையை அனுப்புவது சரியல்ல. பயோமெடிக்கல் பட்டம் முடித்தபின் புதிதாக மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது கூடுதலாக ஐந்து ஆண்டு, தனியாரானால் முழுக் கட்டணம். முவெட் ஆங்கிலத் தேர்வைக் கடைசிவரை தள்ளிப்போடச் சொல்வதும் இதே ரகம். ஆண்டில் ஒருமுறைக்கு மேல் எழுதும் வாய்ப்புள்ள தேர்வு அது. முதல் வாய்ப்பிலேயே எழுதியவருக்குத் தரத்தை உயர்த்த நேரம் இருக்கும்.

வழிகாட்டி ஆசிரியரைக் குறை சொல்லும்முன் அவர் நிலையையும் பார்க்க வேண்டும். 1990-களில் முழுநேர ஆலோசனை ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது 500 மாணவருக்கு ஒருவர் என்பதே கணக்கு. ஒழுங்குப் பிரச்சினை, குடும்பப் பிரச்சினை, மனநலம், உபகாரச் சம்பளப் பாரங்கள் என எல்லாம் அந்த ஒரே மேசைக்கு வருகின்றன. அங்கே மருத்துவ மன்றத்தின் புதிய வழிகாட்டி நூலைப் படிக்க நேரம் எங்கே? 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற ஆலோசகர் வேறு. ‘கல்வி ஆலோசகர்’ என்று அட்டை அச்சடித்துக்கொண்ட முகவர் வேறு. முகவருக்குச் சம்பளம் தருவது மாணவரைப் பெறும் கல்லூரி. தலைக்கு இவ்வளவு என்ற கழிவு அடிப்படையில் நடக்கும் தொழில் அது. ஆறாம் படிவத்துக்குப் போ என்று சொல்லும் முகவருக்குக் கையில் ஒன்றும் வராது. ஆலோசனை எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

"எங்கே படித்தாலும் டாக்டர்தான்"

மலேசியாவில் டாக்டராகப் பணியாற்ற 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களின் பட்டியல் அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் வருகிறது. பட்டியலில் இல்லாத நிலையத்தில் படித்தவர் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். அந்தத் தேர்வு எளிதன்று. அதை ‘திரும்பி வந்து ஒரு பரீட்சை எழுதினால் போதும்’ என்று ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுவது முகவர்களின் பழக்கம்.

இந்தச் சமூகம் இதை ஏற்கெனவே ஒருமுறை பட்டறிந்தது. உக்ரைனின் சிம்ஃபெரோபோல் நகரில் இருந்த கிரிமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் மலேசிய மாணவர்கள் பெருமளவில் போனார்கள். அவர்களில் இந்தியர்கள் அதிகம். கட்டணம் உள்நாட்டுத் தனியார் கல்லூரியைவிடக் குறைவு என்பதும், எளிதில் இடம் கிடைத்தது என்பதும் காரணங்கள். 2005-ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை மீட்டுக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. அப்போது சுகாதார அமைச்சர் சுவா சொய் லெக். மாணவர் சேர்க்கையும் கற்பித்தல் தரமும் குறித்த கவலைகள் சொல்லப்பட்டன. அன்றைய ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலு கடுமையாக எதிர்த்தார். பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் இந்திய மாணவர்களே என்பது சமூகத்தில் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அரசின் முடிவு நியாயமா என்ற வாதம் அன்று நாளிதழ்களை நிறைத்தது. இன்னொரு கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது: அத்தனை பிள்ளைகளை ஒரே இடத்துக்கு அனுப்பியவர்கள் யார், அனுப்பும்போது என்ன சொன்னார்கள்?

அங்கீகாரம் நிலையான சொத்து இல்லை என்பதே கிரிமியா சொல்லித்தந்தது. அது தேதியோடு வருகிறது, தேதியோடு போகிறது. பட்டியலில் ஒரு பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்த ஆண்டு வரை, எந்தப் பாடத்திட்டத்துக்கு என்பதையும் பார்க்க வேண்டும். உள்நாட்டிலும் இரண்டு வகை அனுமதி உண்டு. மலேசியத் தகுதி நிறுவனம் ஒரு படிப்புக்குத் தற்காலிக அனுமதி தருவதும், முதல் குழு பட்டம் பெறும் கட்டத்தில் முழு அங்கீகாரம் தருவதும் வேறு வேறு. "அரசாங்க அனுமதி இருக்கிறது" என்ற சொற்றொடருக்குள் இந்த வேறுபாடு கரைந்துவிடும்.

உள்நாட்டுக் கல்லூரி என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கு பினாங்கின் கெப்பாளா பத்தாஸில் இருந்த அலையன்ஸ் மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகக் கல்லூரி சான்று. லண்டனில் வளாகம் வாங்கும் அளவுக்கு விரிந்த நிலையம், பண நெருக்கடியில் 2014-ல் மூடப்பட்டது. மாணவர்கள் வேறு கல்லூரிகளுக்கு இடம் தேடி அலைந்தார்கள். மருத்துவக் கல்லூரிகள் பெருகிவிட்டதை உணர்ந்த அரசு 2011-லேயே புதிய மருத்துவப் படிப்புகளுக்கு ஐந்தாண்டுத் தடை போட்டிருந்தது.

ரஷ்யா, எகிப்து, இந்தோனேசியா, இந்தியா என வெளிநாடு போகும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் பாதி உண்மைகள் வேறு சில. "பாடம் ஆங்கிலத்தில்தான்" என்பது வகுப்பறைவரை உண்மையாக இருக்கலாம். மூன்றாம் ஆண்டிலிருந்து நோயாளியின் கட்டிலருகே நின்று கதை கேட்க அந்த ஊர் மொழி வேண்டும். அது இல்லாமல் பட்டம் வாங்கியவர் மலாக்கா மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வரும்போது தடுமாறுவதற்குத் திறமைக் குறைவு மட்டும் காரணமில்லை. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேரும் வெளிநாட்டவரும் இப்போது அந்நாட்டு மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் தகுதி பெற வேண்டும். ‘தாய்நாட்டில் சுலபமாக இடம் கிடைக்கும்’ என்று சொல்லும் பழைய தலைமுறைக்கு இந்த மாற்றம் தெரிவதில்லை.

பணம்

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. தனியாரில் மொத்தக் கட்டணம் ஏறக்குறைய இரண்டரை லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வெள்ளி வரை போகும். "பி.டி.பி.டி.என். கடன் கிடைக்கும், கவலைப்படாதீர்கள்" என்பது இங்கே சொல்லப்படும் ஆறுதல். 1997-ல் தொடங்கிய அந்த அரசாங்க உயர்கல்வி நிதியின் கடன் தனியார் மருத்துவக் கட்டணம் முழுவதற்கும் ஈடு கொடுக்காது. மீதியை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்கு முகவரிடம் பதில் தயாராக இருக்கும்: ஊழியர் சேமநிதி. பிள்ளையின் படிப்புக்குச் சேமநிதியின் ஒரு பகுதியை எடுக்க அனுமதி உண்டு. 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின், கல்விக்கான பணம் நல்வாழ்வுக் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. சந்தாவில் 15 விழுக்காடுதான் அதில் சேரும். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்த ஒருவரின் அந்தக் கணக்கில் இருக்கும் தொகை முதலாண்டுக் கட்டணத்துக்கே எட்டுமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்து வைக்கச் சொல்வது கொடுமை. இரண்டாம், மூன்றாம் ஆண்டில் கட்டணம் கட்ட முடியாமல் நின்றுவிடும் மாணவருக்குப் பட்டமும் இல்லை, கட்டிய பணமும் இல்லை. கடன் மட்டும் அவர் பெயரில் நிற்கும்.

ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் தருகிறது. கெடாவின் பீடோங் அருகே ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை உருவாக்கியதும் அதுவே. பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளமும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் விண்ணப்ப காலம் தனித்தனி. கல்லூரியில் சேர்ந்துவிட்டு உதவி தேடலாம் என்பது தலைகீழான வரிசை.

வென்றவர்களின் படம் மட்டும் வெளியே தெரிவதும் இந்த இடத்தில் ஒரு சிக்கல். பட்டமளிப்புப் படம் கோயில் மண்டபத்தில் பாராட்டு விழாவாகிறது, நாளிதழில் வருகிறது. பாதியில் திரும்பிய பிள்ளையைப் பற்றி வீட்டார் வாய் திறப்பதில்லை. அக்கம்பக்கத்துக்கு என்ன சொல்வது என்ற கூச்சம் அவர்களைக் கட்டிப்போடுகிறது. அதனால் அடுத்த வீட்டுப் பிள்ளையும் அதே முகவரிடம் போகிறது. அந்தக் குடும்பங்கள் பேசத் தொடங்கினால், எந்த வழிகாட்டி நூலும் தராத எச்சரிக்கை இந்த வட்டாரத்துக்குக் கிடைக்கும். அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பிழை அவர்களுடையது அன்று.

பட்டம் வாங்கிய பிறகு

"டாக்டருக்குப் படித்தால் அரசாங்க வேலை நிச்சயம், ஆயுளுக்கும் கவலை இல்லை" என்ற வாக்கு ஒரு தலைமுறைக்கு உண்மையாக இருந்தது. பட்டதாரி முதலில் பயிற்சி மருத்துவராக, அதாவது ஹவுஸ்மனாக, அரசாங்க மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். ஓராண்டாக இருந்த இந்தப் பயிற்சி 2008-ல் இரண்டாண்டாகியது. உள் மருத்துவம், குழந்தை மருத்துவம், அறுவை, எலும்பியல், மகப்பேறு போன்ற துறைகளில், துறைக்கு நான்கு மாதம் வீதம் சுழற்சி. ஒரு துறையில் தேறாதவருக்குக் காலம் நீட்டிக்கப்படும். கல்லூரிகள் பெருகியதால் பட்டதாரிகளும் பெருகி, பயிற்சி இடத்துக்கே மாதக்கணக்கில் காத்திருந்த ஆண்டுகள் உண்டு.

2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டார்கள். நிரந்தரப் பணி மிகச் சிலருக்கே கிடைத்தது. கோவிட் காலத்தில் வார்டில் நின்றவர்களே தங்கள் எதிர்காலம் தெரியாமல் தவித்து, 2021 ஜூலை 26 அன்று நாடெங்கும் மருத்துவமனை வளாகங்களில் வெளிநடப்புச் செய்தார்கள். அதன்பின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது, நிரந்தர இடங்களும் கட்டம் கட்டமாக அறிவிக்கப்பட்டன. இன்றைய நிலை 2016-ஐப் போலவும் இல்லை, 1996-ஐப் போலவும் இல்லை. ஐந்தாண்டுக்குப் பின் பட்டம் வாங்கப்போகும் பிள்ளைக்கு எந்த உறுதியும் கொடுக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. சம்பளத்தையும் நிரந்தரத்தையும் மட்டும் காட்டி மருத்துவத்தை விற்ற ஆலோசகர்கள், நோயாளியின் பக்கத்தில் இரவெல்லாம் நிற்க இந்தப் பிள்ளைக்கு மனம் உண்டா என்று கேட்டதே இல்லை.

இங்கே கிடைக்காவிட்டால் சிங்கப்பூர் என்பது இப்போது புதிதாகக் கேட்கும் ஆலோசனை. ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் மூன்று மடங்கு சம்பளம் என்ற கணக்கு மலாக்காவில் எல்லார் வாயிலும் இருக்கிறது. சிங்கப்பூர் மருத்துவ மன்றத்துக்குத் தனிப் பட்டியல் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகமும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகமும் பல ஆண்டுகளாக அதில் இருக்கின்றன. மலேசியாவில் அங்கீகாரம் பெற்ற பட்டம் என்பதாலேயே அங்கும் செல்லும் என்று கொள்ள முடியாது. பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகியவற்றுக்கும் தனித் தேர்வுகள் இருக்கின்றன. எந்த நாட்டில் தொழில் செய்யும் எண்ணமோ, அந்த நாட்டு மன்றத்தின் பட்டியலைக் கல்லூரியில் பணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.